மேல் பஞ்சமம்

மார்ச் 3

சின்னவளுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறாதே. எல்லோரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். எனக்குத்தான் வாய்க்குப் பூட்டு. போன வியாழக்கிழமை தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் நாணில் இரண்டு பக்கமும் அரிசி முனை அளவுக்குக் கட்டி. சீவி எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது பேசுவதைவிடக் கெடுதலாம்.

ஒரு சிலேட்டு வாங்கித் தந்திருக்கிறார் உன் அத்தான். நான் பேசாததால் எனக்குக் காதும் கேட்காது என்று எப்படியோ முடிவு செய்துவிட்டார். "காப்பி வேணுமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துகிறார். "எனக்குக் காது கேட்கும்" என்று எழுதிக் காட்டினேன். "சரி சரி!" என்று அதையும் கத்தித்தான் சொன்னார்.

இரண்டு வருடமாக என் போனை நீ எடுப்பதில்லை. இப்போது நானே போன் பேச முடியாதவள். அதனால் கடிதம். தபாலைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு உனக்கு நெஞ்சழுத்தம் இருக்காது என்று நம்புகிறேன்.

அன்றைக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வயலின்காரர், மிருதங்கக்காரர், தம்புரா போட்ட பெண் எல்லோரும் இருக்கிறார்கள். நீ உள்ளே வந்து, நல்லா இருந்தது என்றுகூடச் சொல்லாமல், "அக்கா, இனிமே அந்தப் பாட்டைப் பாடாதே. உனக்கு வரலை" என்றாய். என் பாட்டை. ஊர் முழுக்க என்னை அடையாளம் காட்டுகிற பாட்டை. "உனக்குப் பொறாமைடி" என்று சொன்னேன். சொன்னது தப்பென்று இன்றுவரை தோன்றவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான்.

ஜூன் 14 அன்று நான் பாட வந்து இருபத்தைந்து வருடம் ஆனதற்கு விழா எடுக்கிறார்கள். கடைசிப் பாட்டு அதுதான். சினிமாவில் பாடிய அதே ஆறு கட்டை சுருதியில், அதே வாத்தியங்களோடு. கடைசி அகாரம், வார்த்தை இல்லாமல் 'ஆ' என்று ஏறி மேல் பஞ்சமத்தில் நின்று இறங்குமே, அதையும் விடப் போவதில்லை. முதல் வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். வந்து உட்கார்ந்து கேள். எனக்கு வருகிறதா இல்லையா என்று அப்புறம் பேசலாம்.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. இது மூன்றாவது தடவை எழுதுவது. முதல் இரண்டும் குப்பைக்குப் போயின.

ஆபரேஷன் என்று ஒரு வார்த்தை எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். அத்தானாவது சொல்லியிருக்கலாம். நான் போனை எடுக்காதது உன் மேல் கோபத்தில், அவர் மேல் இல்லை.

நாங்கள் நலம். சலவைக் கடையில் இப்போது எட்டு மெஷின். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஓட்டல் மேஜைத் துணி எல்லாம் எங்களிடம்தான் வருகிறது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. இவரும் நானும் பத்து வருடமாகச் சண்டை போடாததற்கு அதுதான் காரணம் என்று இவர் சொல்கிறார்.

டாக்டர் என்னதான் சொன்னார்? நீ எழுதவில்லை. உனக்குப் பிடிக்காததை எழுத மாட்டாய், எனக்குத் தெரியும். அவர் சொன்னதை அப்படியே எழுது.

விழாவில் அந்தப் பாட்டு வேண்டாம் என்றால் கோபப்படுவாய். சரி, பாடு. சுருதியை இறக்கிப் பாடேன். நாலரைக் கட்டையில் உன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாம் சேர்ந்து கச்சேரி செய்தபோது எனக்காகத்தான் நீ சுருதியை ஏற்றிக்கொண்டாய். உனக்கு அது எப்போதுமே எட்டிப் பிடிக்கிற உயரம்தான்.

நான் அன்று பொறாமையில் சொல்லவில்லை. வேறு காரணம் இருக்கிறது. அதை எழுதத்தான் மூன்று தடவை உட்கார்ந்தேன், வரவில்லை.

சின்னவள்

*

மார்ச் 19

அடியே,

காரணம் இருக்கிறதாம், எழுத வரவில்லையாம். யாரிடம் விடுகிறாய் இந்தக் கதையை?

டாக்டர் சொன்னதைக் கேட்டாயே, இந்தா: "பழைய மாதிரி இழுத்துப் பாடுனீங்கன்னா அந்த இடம் மறுபடி கிழியும்மா. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை. பாட்டை விடுங்க, பேச்சே கரகரன்னுதான் வரும்." போதுமா? சின்னப் பெண் அவள், என்னைப் பார்த்தால் பயம். அவள் வேலை பயமுறுத்துவது.

சுருதியை இறக்கு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். நான் ஏன் இறக்க வேண்டும்? ஒரு தடவைகூட வராத இடம் என்றால் விட்டுத் தொலைக்கலாம். எனக்கு வந்ததடி! பதினொரு வருடத்துக்கு முன்னால், அனலாய்க் கொதிக்கிற ஜுரத்தில் வந்தது. ஊரே கேட்டது. அதற்குத்தான் விருது. ஜுரத்தில் வந்தது, நல்ல உடம்பில் ஏன் வரவில்லை?

உனக்குத் தெரியாது, நான் யாரிடமும் சொன்னதில்லை. காரில் போகும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். எங்கே மூச்சு எடுத்திருக்கிறேன், வாயை எப்படித் திறந்திருக்கிறேன் என்று படிப்பேன், பரீட்சைக்குப் படிப்பது மாதிரி. மேடையில் அந்த இடம் நெருங்கும்போது அதே மாதிரி மூச்சு எடுப்பேன். பத்துத் தடவையில் ஒரு தடவை எப்படியோ தொட்டுவிடுவேன். மற்ற ஒன்பது தடவை வயலின்காரர் சத்தமாக வாசித்து மூடிவிடுவார். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. என்னிடம் இருந்ததை நானே எங்கேயோ தொலைத்துவிட்டேன், என் சோம்பேறித்தனம், என் திமிர் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

நேற்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெல்ல முனகிப் பார்த்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான். மத்திய ஸ்தாயியிலேயே தொண்டையில் ஏதோ சுருக்கென்று இழுத்தது. எச்சிலில் துளி ரத்தம். அத்தானிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லித் தொலைக்காதே.

ஜூன் வரைக்கும் நாள் இருக்கிறது. வரும்.

அக்கா

*

மார்ச் 27

அக்காவுக்கு,

ரத்தம் என்று படித்த இடத்தோடு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இனி எனக்கு எழுத வருகிறதா வரவில்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த அகாரத்தைப் பாடியது நீ இல்லை. நான்.

உனக்கு நினைவிருக்கும், முதல் நாள் ஜுரத்தோடேயே பாட்டு முழுவதையும் பாடிவிட்டாய். கடைசி அகாரத்தை மட்டும் ஏழெட்டுத் தடவை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தாய். மறுநாள் நூற்றிரண்டு டிகிரி. காலை பத்து மணிக்கு, பாட்டுக்கு மெட்டுப் போட்ட மாஸ்டர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "அக்காவால வர முடியுமாம்மா? சாயங்காலம் பாட்டைக் கொடுத்தாகணும்" என்றார். முடியாது என்றேன். "அப்ப நீ வாயேன், ஒரு கால் மணி நேரம்" என்றார். உங்கள் இரண்டு பேர் குரலையும் பெற்றவள்கூடப் பிரித்துச் சொல்ல மாட்டாள் என்றார்.

போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர், நம் 'காது' சார், உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை பாடினேன். இரண்டாவதை உன் பாட்டோடு ஒட்டினார்கள். "அக்காகிட்ட இப்ப சொல்லாதே, ஜுரத்துல மனசு ஒடஞ்சிடுவா. தேறினதும் நானே சொல்றேன்" என்றார் மாஸ்டர். அவர் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் அவரும் போய்விட்டார்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பாட்டு வந்த அன்று நீ ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் சமையலறை வாசலில் நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அகாரம் வந்தது. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியாடி, ஜுரத்துலயும் எப்படி வந்திருக்கு!" என்றாய். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

பிறகு விருது. பிறகு உனக்கு ஓயாத ரெக்கார்டிங். நம் இரண்டு பேர் கச்சேரிக்கு உனக்கு நேரம் இல்லாமல் போனது. நான் பாடிய ஒன்றுதான் என்னை மேடையிலிருந்து இறக்கியது, அக்கா. இதையும் யாரிடமும் சொன்னதில்லை.

உன்னிடம் இல்லாத ஒன்றை நீ தொலைக்க முடியாது. தயவுசெய்து நிறுத்து.

சின்னவள்

*

ஏப்ரல் 2

பொய்.

என்னைத் தடுப்பதற்காக எதை வேண்டுமானாலும் சொல்வாய் என்று தெரியாமல் போயிற்று. என் குரல் எனக்குத் தெரியாதா? காது சார் உயிரோடுதான் இருக்கிறார். நேரில் போய்க் கேட்கிறேன். பொய் என்று தெரியட்டும், அப்புறம் இருக்கிறது உனக்கு.

*

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

ஒரு வாரமாக எந்த வேலையும் ஓடவில்லை. வெள்ளைத் துணியோடு சிவப்புச் சட்டையைப் போட்டு ஆஸ்பத்திரி விரிப்பு நாற்பதும் ரோஸ் கலரில் வந்தது. இவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தபால்காரர் எங்கள் கடையைத் தாண்டிப் போகும்போது வாசல்வரை போய் நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்ததுமே கையை விரித்துக் காட்டுகிறார்.

திட்டியாவது எழுது. பேசாமல் மட்டும் இருக்காதே.

சின்னவள்

*

ஏப்ரல் 16

சின்னவளே,

பேசாமல்தான் இருக்க வேண்டும், எனக்கு வேறு வழியில்லை. குளியலறையில் செய்த திருட்டுத்தனம் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தாள், பேனாவை மேஜையில் வைத்தாள், என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு மாதம் மௌனம். அத்தானுக்கும் எல்லாம் தெரிந்துபோயிற்று. முதல் தடவையாகக் கத்தாமல், மெதுவாகத் திட்டினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

காது சாரைப் பார்த்தேன். வீட்டுப் பின்னறை முழுக்கப் பழைய மெஷின்கள், நாடாப் பெட்டிகள், நடுவில் ஒரு நாற்காலி. அவருக்கு இப்போது இடது காது அவ்வளவாகக் கேட்பதில்லையாம். "பேரை மாத்தணும்மா" என்று அவரே சிரித்தார். சிலேட்டில் பாட்டின் பெயரை எழுதி நீட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"மாஸ்டர் சொல்லிட்டாரான்னு கேக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்களே வருவீங்கன்னு நெனச்சேன். பதினோரு வருஷம் ஆயிருக்கு" என்றார்.

அத்தனைக்கும் பிறகும் நான் நம்பவில்லை, பார். "போடுங்க" என்று எழுதினேன். அவர் வாத்தியம் எதுவும் இல்லாமல் குரலை மட்டும் இரண்டு தடவை போட்டார். ஒன்று மேல் பஞ்சமத்துக்குப் போகும் வழியிலேயே கொஞ்சம் திணறுகிறது. இன்னொன்று ஏதோ மாடிப்படி ஏறுவது மாதிரி ஏறிப் போய் நிற்கிறது. "ஒண்ணு நீங்க, ஒண்ணு சின்னம்மா. எது எதுன்னு சொல்லுங்க" என்றார். நான் யோசிக்கவே இல்லை. இரண்டாவதைக் காட்டி என் நெஞ்சைத் தொட்டேன்.

அவர் நாடாவை மேலும் ஓடவிட்டார். குரல் இறங்கி முடிந்தது. அப்புறம் உன் பேச்சு. "போதுமா சார்? அக்காவுக்கு மாத்திரை குடுக்குற நேரம் ஆச்சு."

பாட்டில் உன்னை எனக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சில் தெரிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு அழக்கூட எனக்கு அனுமதி இல்லை. காது சார் முதுகைத் திருப்பிக்கொண்டு ஏதோ ஒயரைத் தேடுவது மாதிரி நின்றார்.

இப்போது என் கோபத்தைக் கேள். நீ பாடியதற்குக் கோபம் இல்லை. விருதுக்காகவும் இல்லை. பதினொரு வருடம், ஒவ்வொரு கச்சேரிக்கும் பிறகு, நான் என்னை அடித்துக்கொண்டேன். நீ தூரத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கத்தி என் தொண்டைக்குள் போயிருக்காது. நீ சொன்னதெல்லாம் "உனக்கு வரலை" மட்டும்தான். அதுவும் நாலு பேர் முன்னால். அத்தனை அறிவு உனக்கு!

சரி. உன் அகாரம் உன்னுடையது. ஜூன் 14 அன்று மேடைக்கு வா. பாட்டை நான் பாடுகிறேன், அந்த இடம் வந்ததும் நீ பாடு. ஆறு கட்டையில். ஊர் கேட்கட்டும். மாட்டேன் என்று மட்டும் எழுதாதே.

அக்கா

*

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

மாட்டேன் என்று எழுதவில்லை. முடியாது என்று எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து தினமும் ஐந்து மணிக்கே கடைக்குப் போகிறேன். எல்லா மெஷினையும் ஓடவிட்டுவிட்டு, இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்று பாடிப் பார்க்கிறேன். கடைசியாக எப்போது பாடினேன் என்று எனக்கே தெரியவில்லை. முதல் நாள் ஷட்ஜமே ஆடியது. ஏழாவது நாள், பஞ்சமத்துக்கு ஒரு படி கீழே, மேல் மத்திமம்வரை போனேன். அதற்கு மேல் காற்றுதான் வருகிறது. ஒன்பதாவது நாள் இவர் ஓடி வந்து ஐந்தாம் நம்பர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். "ஸ்டீம் லீக் ஆகுதுன்னு நெனச்சேன்" என்றார். நான்தான் என்று சொன்னேன். பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று முழித்தார்.

எனக்கும் வரவில்லை, அக்கா. அது உன்னிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. காது சார் வீட்டு நாடாவில் மட்டும் இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நான் செய்தது முழுக்கத் தியாகம் என்று நீ நினைத்துக்கொள்வாய். நீ மேடையில் அந்த இடத்துக்கு வந்து தடுமாறும்போது எனக்குப் பதறும். உண்மை. ஆனால் உள்ளே ஒருத்தி சந்தோஷமும் பட்டாள். பஸ்ஸில் யாராவது அந்தப் பாட்டைப் போட்டால், பக்கத்துச் சீட்டுக்காரி கண்ணை மூடிக் கேட்டால், நான்தான் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாமல் இறங்கிவிடுவேன். சொல்லாமல் வைத்திருந்ததால் அது என்னுடையதாகவே இருந்தது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ விட்டுக்கொடுத்திருப்பாய், பெரிய மனதாக, எல்லோர் முன்னாலும். அதை என்னால் தாங்கியிருக்க முடியாது. பொறாமை என்று அன்று நீ சொன்னது பாதி சரி. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

உன் தொண்டையில் கத்தி போனதற்கு நான் காரணம். மன்னிப்புக் கேட்டால் சின்ன வார்த்தையாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

சின்னவள்

*

மே 14

சின்னவளே,

ஸ்டீம் லீக் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. குளியலறைத் திருட்டைக் கழித்துவிட்டால், ஆபரேஷனுக்கு அப்புறம் என் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். அத்தான் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு மூன்று நாள் உன் மேல் எரிச்சலாக இருந்தேன். நாலாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது ஒன்று உறைத்தது. என் குரல் போகவே இல்லையே! எனக்கு இருந்தது எல்லாம் என்னிடம் அப்படியே இருக்கிறது. இல்லாததைத்தான் இத்தனை நாள் தேடினேன். பிரஷை வாயில் வைத்துக்கொண்டே கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

டாக்டரிடம் போய் "நாலரைக் கட்டை பாடலாமா?" என்று எழுதிக் காட்டினேன். அவளுக்குக் கட்டை என்றால் என்ன என்று தெரியவில்லை. ஒரு கீபோர்டில் தொட்டுக் காட்டினேன். இழுக்காமல் வருவது எதுவானாலும் ஜூனில் பாடலாம் என்றாள். கூடவே, "இதை முன்னாடியே பண்ணியிருக்கலாமே?" என்றாள். அவளை அடிக்க முடியாதே என்று சும்மா வந்தேன்.

விழாக்காரரை வரச் சொன்னேன். பாட்டு நாலரைக் கட்டையில், பாடுவதற்கு முன்னால் மைக்கில் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்று எழுதினேன். மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. "மேடம், அதையெல்லாம் சொல்லாதீங்க. ஜனங்க ஏமாந்த மாதிரி நெனைப்பாங்க." சிலேட்டைத் துடைத்து, "ஏமாந்தது நான்தான்யா" என்று எழுதினேன். அழைப்பிதழில் உன் பெயரும் வருகிறது. "என்னைக் கேட்காமல் எப்படிப் போட்டாய்?" என்று குதிக்காதே. என்னைக் கேட்காமல் நீ செய்ததைவிட இது சின்னது.

மேடையில் என் பக்கத்தில் உட்கார். பாட்டு முழுக்கச் சேர்ந்து பாடலாம். மேல் பஞ்சமம் நாலரைக் கட்டையில் எனக்கு வருகிறதா என்று இன்னும் தெரியாது. வந்தால் வரட்டும். வராவிட்டால் இரண்டு பேருமாக அதற்குக் கீழேயே நின்றுகொள்ளலாம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உள்ளே இன்னும் கொதிக்கிறது. எழுதித் திட்டுவதில் எனக்குத் திருப்தி இல்லை. நேற்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பேசலாம் என்று டாக்டர் விட்டிருக்கிறாள். அத்தான் என் முதல் வார்த்தைக்காக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை உன் கடைக்கு வருகிறேன். எட்டு மெஷினையும் நிறுத்தி வை. என்னால் கத்த முடியாது, மெதுவாகத்தான் திட்டுவேன். ஒரு வார்த்தை விடாமல் நீ கேட்டாக வேண்டும்.

அக்கா